மடிக்கணினியும் வைஃபை சிக்னலும்

பெரம்பலூர்ப் பக்கத்தில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்தில் முந்திரியும் விற்ற பணத்தைச் சேர்த்துக் கல்லூரிப் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கும் பெற்றோர், திரையின் அளவையும் விலையையும் துருவித்துருவி விசாரிக்கிறார்களேயன்றி, அது வைஃபை சிக்னலை எவ்வளவு நன்றாக வாங்கும் என்ற அத்தியாவசியமான விஷயத்தைக் கேட்பதேயில்லை.

சிக்னலை வாங்கும் ஆன்டெனா பெரும்பாலும் திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் மறைந்திருக்கிறது. அதிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய கம்பிகள் கீல் வழியே இறங்கி, தீப்பெட்டியினும் சிறிய வைஃபை கார்டில் பொருந்துகின்றன. மலிவான சில மாடல்களில் ஆன்டெனா ஒன்றுதான். பழுதுபார்த்து விற்கப்படும் பழைய கணினிகளிலோ, திறந்து மூடியவர் கம்பியைச் சரியாகப் பொருத்தாமல் விட்டிருக்கவும் கூடும். 5 கிகா ஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் கம்பி கட்டிய கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது வெகுவாகத் தளர்ந்துவிடும், 2.4 கிகா ஹெர்ட்ஸ் வேகத்தில் குறைந்தாலும் தூரம் செல்லும். ஆகையால் இரண்டு அலைவரிசையும் இரண்டு ஆன்டெனாவும் உள்ளதைத் தேர்வதே உசிதம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கடையிலேயே கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, கணினியைச் சுவருக்கு அப்பால் கொண்டுபோய்ப் பரீட்சித்துப் பாருங்கள். வீட்டில், ஒரே இடத்தில் அதே வைஃபையில் கைப்பேசி நன்றாக இயங்கி, கணினி மட்டும் திணறினால் கணினியைச் சந்தேகிக்கலாம். இரண்டும் திணறினால் ரூட்டர் வைத்த இடத்தை மாற்றிப் பார்க்காமல் கடைக்காரர்மீது குறை சொல்வது நியாயமாகாது.

குறை கணினியினுடையதே என்று தெளிந்த பின், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளை பில்லில் கண்ட கெடுவுக்குள்ளும், கெடு எதுவும் இல்லாவிடில் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பதும், பில் தராமலிருப்பதும் முறையற்ற வணிக நடவடிக்கையே. பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் சென்டர் தந்த ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, முதலில் விற்றவருக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். அதிலும் தீராவிடில், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆன்லைனில் வெளியூர்க் கம்பெனியிடம் வாங்கியிருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். குறையைப் பரிசோதித்துத்தான் அறிய முடியும் என்று கண்டால், ஆணையமே அப்பொருளைத் தக்க பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிவைக்கும்.