உங்களுக்குத் தெரியுமா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம், அரசு ஆவணங்களை மக்கள் கேட்டுப் பெற வழிசெய்யும் பொது ஆவணச் சட்டத்திலிருந்து தனக்குத் தானே விலக்களித்துக்கொள்ளும் மசோதாவை இரண்டே நாளில் நிறைவேற்றியது!

• 2018 பிப்ரவரி 21 அன்று வெளிவந்த மசோதா, 23 அன்று இரு அவைகளிலும் தேறியது. செனட்டில் 41–7, பிரதிநிதிகள் அவையில் 83–14. இரு கட்சியினரும் கைகோத்தார்கள், அதுதான் வேதனை.

• இதைக் கண்டித்து நாளிதழ்கள் முதல் பக்கத்திலேயே தலையங்கம் தீட்டின. ஆளுநருக்கு ஆயிரக்கணக்கில் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் குவிந்தன. மார்ச் 1 அன்று ஆளுநர் ஜே இன்ஸ்லீ மசோதாவைத் தம் வீட்டோ அதிகாரத்தால் நிராகரித்தார்.

• அந்த ஆவணச் சட்டமோ 1972இல் மக்களே நேரடியாக வாக்களித்துக் கொண்டுவந்தது.

• ஒவ்வோர் உறுப்பினரின் அலுவலகமும் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என 2019 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.