கத்தரிக்காய் ஒவ்வாமையும் மாற்றுக் காய்களும்

கத்தரிக்காய் ஒவ்வாமை என்பது கத்தரிக்காயை உண்டபின் சிலருக்கு வாய் அரிப்பு, தோல் தடிப்பு, உதடு வீக்கம், வயிற்று வலி போன்றவை தோன்றுவதாகும். தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் சாம்பார், புளிக்குழம்பு, மொச்சைக் குழம்பு, கருவாட்டுக் குழம்பு எனப் பல அன்றாட உணவுகளில் கத்தரிக்காய் சேர்கிறது. அதை விலக்க வேண்டியவர்கள் மாற்றுக் காயைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, உடலுக்கு ஒத்துக்கொள்ளாதது எது என்பது. மற்றொன்று, அந்தக் குழம்பில் கத்தரிக்காய் செய்த வேலை என்ன என்பது.

ஒவ்வாமையும் சகிப்பின்மையும்

உணவிலுள்ள புரதத்தை நோய் எதிர்ப்பு மண்டலம் பகையாகக் கருதி எதிர்வினை புரிவது ஒவ்வாமை. பெரும்பாலும் இம்யூனோகுளோபுலின் ஈ என்ற எதிர்ப்புரதம் இதற்குக் காரணமாகிறது. இவ்வகையில் சிறிதளவு உணவும் ஆபத்தாகலாம். எதிர்ப்பு மண்டலத்தின் பங்கு இல்லாமல், உணவிலுள்ள வேதிப்பொருளால் தொல்லை வருவது சகிப்பின்மை. இது பெரும்பாலும் உண்ணும் அளவைப் பொறுத்தது.

கத்தரிக்காயில் ஹிஸ்டமின் என்ற பொருள் உள்ளது. அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் இப்பொருள் வேகவைத்தாலும் அழிவதில்லை. மைசூரில் 741 பேரிடம் நடத்தி 2008இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், ஏறத்தாழ 9 விழுக்காட்டினரிடம் கத்தரிக்காய்க்கு எதிர்வினை காணப்பட்டது. ஆனால் இம்யூனோகுளோபுலின் ஈ சார்ந்த உண்மையான ஒவ்வாமை 1 விழுக்காட்டுக்கும் குறைவானோரிடமே இருந்தது. பாதிக்கப்பட்டோரில் பெண்களே மிகுதி.

கருவாட்டின் பங்கு

கத்தரிக்காயும் கருவாடும் தோல் அரிப்பைத் தூண்டும் 'கரப்பான்' பண்டங்கள் என்று ஊர்ப்புறங்களில் ஒதுக்கப்படுவது உண்டு. இரண்டும் ஒரே குழம்பில் சேரும்போது குழப்பம் நேர்கிறது. சரியாகப் பதப்படுத்தாத சூடை, அயிலை, சூரை போன்ற மீன்களின் கருவாட்டில் ஹிஸ்டமின் மிக அதிகமாகச் சேரக்கூடும். கருவாட்டுக் குழம்பு உண்ட நாளில் மட்டும் அரிப்பு வந்து, கத்தரிக்காய் சாம்பார் உண்ட நாளில் வராவிட்டால், காரணம் கருவாடாக இருக்கலாம். என்ன உண்டோம், எத்தனை மணி நேரத்தில் என்ன நேர்ந்தது என்று சில வாரங்கள் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுவது பயன் தரும்.

உறவுக் காய்கள்

கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, சுண்டை, மணத்தக்காளி ஆகியவை ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மிளகாயும் இதே குடும்பம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றவையும் ஒத்துக்கொள்ளாது என்பது விதியல்ல. எனினும் ஒவ்வாமை உறுதியானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கத்தரிக்காய்க்குப் பதில் சுண்டைக்காயையோ உருளைக்கிழங்கையோ சேர்ப்பது நல்லதல்ல.

பெரியகுளத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி பல பயிர்களில் பி.கே.எம்-1 என்ற பெயரில் ரகங்களை வெளியிட்டுள்ளது. பி.கே.எம்-1 தக்காளி, தேனிக்கு அருகிலுள்ள அன்னஞ்சியின் உள்ளூர் ரகத்திலிருந்து உருவானது. இப்பெயரில் கத்தரி, செடிமுருங்கை, புடலை ஆகியவையும் உண்டு. இவற்றில் கத்தரியும் தக்காளியும் உறவுச் செடிகள். முருங்கையும் புடலையும் வேறு குடும்பங்கள் என்பதால் மாற்றாக முதலில் கருதத்தக்கவை.

எந்த உணவுக்கு எந்தக் காய்

சாம்பார்: கத்தரிக்காய் பாதி கரைந்து சாம்பாரைக் கெட்டியாக்கும். முருங்கைக்காய் அவ்வாறு கரையாது. ஆகவே முருங்கைக்காயோடு சில துண்டு பூசணிக்காயைக் குழைய வேகவிடலாம். அல்லது பருப்பைச் சற்றுக் கூட்டலாம்.

புளிக்குழம்பு: வெண்டைக்காயை வழவழப்பு நீங்க வதக்கிச் சேர்க்கலாம். வாழைக்காய் புளிப்பையும் காரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே உப்பையும் புளியையும் கடைசியில் சரிபார்க்க வேண்டும்.

எண்ணெய்க் கத்தரிக்காய்: மசாலாவை உள்ளே அடைக்கக் கோவைக்காயும் சிறு பாகற்காயும் ஏற்றவை. பஞ்சு போன்ற மென்மை வேண்டுமென்றால் பீர்க்கங்காய் பொருந்தும். அது நீர் விடும் என்பதால் புளிக்கரைசலைக் குறைக்க வேண்டும்.

மொச்சை, தட்டப்பயறுக் குழம்பு: முருங்கைக்காய் அல்லது புடலங்காய். புடலை விரைவில் வெந்துவிடும். பயறு வெந்தபின் சேர்த்தால் போதும்.

தக்காளியையும் விலக்க வேண்டியவர்கள் புளிப்புக்குப் புளி அல்லது மாங்காயும், குழம்பின் கெட்டித்தன்மைக்குச் சின்ன வெங்காயமும் தேங்காய் அரைப்பும் பயன்படுத்தலாம். மிளகாய் ஆகாதவர்களுக்கு மிளகு உண்டு. அது கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல.

மாற்றிலும் கவனம்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழை ஏராளமாக விளைவதால் வாழைக்காய் எளிய மாற்று. ஆனால் ரப்பர் கையுறை, பலூன் பட்டால் அரிப்பு வருபவர்களில் சிலருக்கு வாழையும் ஒத்துக்கொள்ளாது. சேனைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் தொண்டை அரிக்கும். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால் வரும் உறுத்தல் அது, ஒவ்வாமை அல்ல. புளி சேர்த்து நன்றாக வேகவைத்தால் அரிப்பு குறையும்.

ஒவ்வாமை உள்ளவர் குழம்பிலிருந்து கத்தரிக்காயை மட்டும் ஒதுக்கிவிட்டு உண்பது போதாது. காயின் சாறு குழம்பில் இறங்கியிருக்கும். கலவைக் காய் சாம்பார் பரிமாறும் விருந்துகளில் முன்கூட்டியே கேட்பது நலம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளில், ஒவ்வாமை எச்சரிக்கையாகக் கட்டாயம் குறிப்பிட வேண்டிய உணவுகளில் கத்தரிக்காய் இல்லை. எனவே பொட்டல உணவுகளில் சேர்பொருள் பட்டியலை முழுவதும் படிக்க வேண்டும்.

குழந்தைகளுக்குச் சந்தேகத்தின் பேரில் ஒவ்வொரு காயாக நிறுத்திக்கொண்டே போனால் ஊட்டச்சத்து குறையும். பரிசோதனைக்குப் பின் நிறுத்துவதே சரி. முன்பு கடுமையான எதிர்வினை வந்தவருக்கு வீட்டில் மீண்டும் கொடுத்துப் பார்க்கக் கூடாது. நாக்கு அல்லது தொண்டை வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை உயிருக்கு ஆபத்தான அறிகுறிகள். கைவைத்தியத்தில் நேரம் கடத்தாமல் உடனே 108 ஆம்புலன்சை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.