கொல்லிமலைக் கூத்தரும் அயல்நாட்டுப் பாணரும்



நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திற்குமேல் 1,000 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில் பரந்து கிடக்கிறது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அவனுடைய வில்லாற்றலை நீங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். நான் சொல்லப் புகுவது, அவன் முன்னிலையில் நிகழ்ந்த ஓர் இசையரங்கைப் பற்றி. அதனைப் போன்ற அரங்குகளை இன்றளவும் நடத்திவரும் அராபியரையும் துருக்கிய இனத்தாரையும் பற்றி.

புறநானூற்றின் 152ஆம் பாட்டை வன்பரணர் பாடியிருக்கிறார். காட்டுவழியே செல்லும் கூத்தர் குழு ஒன்று வேட்டுவன் ஒருவனைக் காண்கிறது. அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்திவிட்டது. இவன்தான் ஓரியோ என்று அவர்கள் ஐயுறுகிறார்கள். உடனே குழுவின் தலைவன் விறலியரைப் பார்த்துப் பணிக்கிறான்: முழவிற்கு மார்ச்சனை இடவேண்டும்; யாழைப் பண்ணிலே நிறுத்தவேண்டும்; யானையின் நெட்டுயிர்ப்புப் போல் ஒலிக்கும் தூம்பு முழங்கவேண்டும்; எல்லரியும் ஆகுளியும் சேரவேண்டும்; பதலையின் ஒரு கண்ணை மட்டும் மெல்லத் தட்டவேண்டும். இருபத்தொரு பாடல் துறைகளையும் முறையாகப் பாடி முடித்து, அவனைக் ‘கோவே’ என்று விளிக்கிறார்கள். தன்னையே குறித்த சொல்லாதலின் அவன் நாணுகிறான். பின்பு இறைச்சியும் மதுவும் அளித்து, தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணியையும் வாரி வழங்குகிறான்.

மேடை இல்லை, அரண்மனை இல்லை. பாடுவோனும் கேட்போனும் எதிரெதிரே நிற்கிறார்கள். நேர்நின்று நிகழும் கலையின் உயிர் இதுவே.

எகிப்து நாட்டிற்குச் செல்வோம். பனூ ஹிலால் என்னும் அராபியக் குலத்தார் 10, 11ஆம் நூற்றாண்டுகளில் அரேபியாவிலிருந்து வட ஆப்பிரிக்கா நோக்கிப் பெயர்ந்தனர். அந்த வரலாற்றைப் பாடும் பெருங்காப்பியம் அங்கே திருமண வீடுகளில் ஒலித்துவருகிறது. பாடுவோர் இரு நரம்புகளையுடைய ரபாப் என்னும் வில்யாழைத் தாமே இசைத்துக்கொள்வர். ஐந்து வயதிலே பயிற்சி தொடங்கிப் பத்தாண்டு நீள்வதுண்டு. யுனெஸ்கோ நிறுவனம் 2008இல் இதனை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் கற்க வரும் இளைஞர் தொகை குறைந்துகொண்டே வருகிறது.

துருக்கியில் ‘ஆஷிக்’ எனப்படும் பாடகர் சாஸ் என்னும் நரம்புக் கருவியுடன் ஊர் ஊராகத் திரிந்து பாடுவர். இருவர் எதிரெதிர் அமர்ந்து உடனுக்குடன் பாட்டுக் கட்டிப் போட்டியிடுவதும் உண்டு. அப்போது உதடுகளுக்கு இடையே ஓர் ஊசியை நிறுத்திக்கொள்வார்கள்! ப, ம போன்ற இதழ் ஒட்டும் ஒலிகள் வந்தால் ஊசி குத்திவிடும். ஆதலால் அவை இல்லாமலே பாடவேண்டும். நம் தண்டியலங்காரம் கூறும் ‘நிரோட்டம்’ என்னும் மிறைக்கவியும் இதழ் ஒட்டாத பாட்டே அல்லவா? நாம் ஏட்டில் எழுதியதை அவர்கள் ஊசி முனையில் பாடுகிறார்கள்.

இன்னொரு வியப்பையும் கேளுங்கள். கொல்லி என்பது ஒரு பண்ணின் பெயருமாகும். அப்பர் பெருமானின் முதற் பதிகம் அப்பண்ணில் அமைந்தது. ஓதுவார்கள் அதனை இன்று நவரோஸ் என்னும் இராகத்தில் பாடுகிறார்கள். நவ்ரூஸ் என்பதோ பாரசீகச் சொல். புத்தாண்டு நாளைக் குறிப்பது. 13ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த இசைநூலாசிரியர் சஃபியுத்தீன் அல்-உர்மவி வகுத்த பண் வகைகளுள்ளும் நவ்ரூஸ் என்று ஒன்று இருக்கிறது. பெயர் ஒன்றாயிருப்பதால் இசையும் ஒன்றே என்று துணிந்துவிடலாகாது. ஆனால், கடலும் பாலையும் கடந்து இசைவாணர்கள் ஒருவர் சொல்லை மற்றவர் ஏற்றுக்கொண்டனர் என்பதற்கு அது சான்று.

வன்பரணரின் அடுத்த பாட்டு, புறநானூறு 153, நகைச்சுவை ததும்புவது. ஓரி கொடுத்த செல்வத்தால் பசி நீங்கிய கூத்தர்கள் ஆடவும் மாட்டாராய்ப் பாடலையும் மறந்துவிட்டனராம்! வள்ளலைப் புகழ வந்த சொல்தான் அது. எனினும் கலை மறதிக்கு உட்பட்டது என்னும் உண்மையும் அதில் உறைகிறது. இருபத்தொரு துறைகளின் பெயர்க்குறிப்பு ஏட்டில் நிலைத்தது. அவற்றை யாழில் இசைத்துக் காட்டுவார் எவரும் இன்று இல்லை. எழுத்து எஞ்சியது, ஒலி மாண்டது. பாடும் வாயும் கேட்கும் செவியும் ஒரு தலைமுறை விட்டுப்போனால், பின்வரும் நூறு தலைமுறையும் அதனை மீட்க இயலாது.

ஆண்டுதோறும் ஆடித் திங்களில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. வாய்ப்புள்ளவர்கள் சென்று வாருங்கள். செல்ல இயலாதவர்கள் தத்தம் ஊரிலே பறையோ, நாகசுரமோ, தெருக்கூத்தோ நிகழுமிடத்தில் சற்று நேரம் நின்று கேளுங்கள். ஓரியைப் போலப் பொன் வழங்க நம்மால் ஆகாது. செவி வழங்கலாம், அதுவும் ஈகைதான்.