பைக் கம்பெனி - டீலர் மல்லுக்கட்டு... நடுவுல மாட்டிக்கிறது நீங்கதான்!

ஈ.சி.ஆர்-ல சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வண்டி ஓட்டிட்டுப் போயிருக்கீங்களா? மரக்காணம் வந்ததும் பாத்தி பாத்தியா உப்பளமும், நடுநடுவே வெள்ளை வெளேர்னு உப்புக் குவியலும் கண்ணுல படும். அந்தக் குவியலைச் சேர்த்தவருக்கு ரெண்டு விஷயம் கையில இல்லை. ஒண்ணு விலை, இன்னொண்ணு மழை. 'உப்பு விக்கப் போனா மழை பெய்யுது, மாவு விக்கப் போனா காத்தடிக்குது'ன்னு சும்மாவா சொன்னாங்க?

அதே ரோட்டோரத்துல கண்ணாடி போட்ட ஒரு பைக் ஷோரூமையும் பார்ப்பீங்க. உள்ளே பளபளன்னு வண்டிகள், ஏ.சி, சிரிச்ச முகம். 'இவருக்கென்னப்பா, பெரிய முதலாளி'ன்னுதான் தோணும். ஆனா, அவர் நிலைமையும் ஏறக்குறைய உப்பள நிலைமைதான். சரக்கு அவரோடது, விலை அவரோடது இல்லை. இது உங்க பர்ஸையும் பாதிக்கிற விஷயம். அதனால கொஞ்சம் விவரமா பார்ப்போம்.

ஷோரூம்ல நிக்கிற வண்டி யாரோடது?

கம்பெனியோடதுன்னு நினைச்சீங்கன்னா, தப்பு. ஃபேக்டரியிலிருந்து லாரி ஏறும்போதே அந்த வண்டிக்கான பணத்தை டீலர் கட்டியாகணும். பெரும்பாலும் அது பேங்க்ல வாங்கின கடன். வண்டி விக்கிற வரைக்கும் வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். இடத்துக்கு வாடகை, கம்பெனி சொல்ற டிசைன்ல கட்டின ஷோரூம், சர்வீஸ் சென்டர் கருவிகள், ஆள் சம்பளம்... எல்லாம் டீலர் தலையில.

இங்கேதான் முதல் முட்டல். கம்பெனியைப் பொறுத்தவரை, டீலருக்கு வண்டியை அனுப்பிட்டாலே விற்பனை முடிஞ்சது. டீலருக்கோ, நீங்க சாவி வாங்கிட்டுப் போனாத்தான் விற்பனை. மாசக் கடைசியில கம்பெனிக்கு டார்கெட் நெருக்கும்போது, கேட்காத மாடலும் கேட்காத கலரும் ஷோரூமுக்கு வந்து இறங்கும்னு டீலர்கள் பல வருஷமா புலம்புறாங்க. ஆட்டோமொபைல் டீலர்களோட தேசியக் கூட்டமைப்பான 'ஃபாடா', 21 நாளைக்கு மேல சரக்கு தேங்கக் கூடாதுன்னு திரும்பத் திரும்பக் கேட்கிறதுக்குக் காரணம் இதுதான்.

பேப்பர்ல ஒரு மாச பைக் விற்பனைக்கு ரெண்டு விதமான எண்ணிக்கை வர்றதைக் கவனிச்சிருப்பீங்க. உற்பத்தியாளர் சங்கமான 'சியாம்' கொடுக்கிறது டீலருக்கு அனுப்பின கணக்கு. ஃபாடா கொடுக்கிறது ஆர்.டி.ஓ-வுல பதிவான கணக்கு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம், ஏதோ ஒரு ஊர்ல ஒரு டீலரோட குடோன்ல வட்டி கட்டிக்கிட்டு நிக்குது.

மழை பெய்த நாட்கள்

2017 மார்ச் 29. ஏப்ரல் 1-ம் தேதியிலிருந்து பி.எஸ்-3 வண்டிகளை விற்கவோ பதியவோ கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போ விற்காம இருந்த வண்டிகள் சுமார் 8.24 லட்சம், அதுல 6.71 லட்சம் டூவீலர்கள். அடுத்த ரெண்டு நாள் நாடு முழுக்க ஷோரூம் வாசல்ல திருவிழாக் கூட்டம். பத்தாயிரம், இருபதாயிரம்னு தள்ளுபடி. உங்க வீட்டுலயே அப்படி வாங்கின வண்டி ஒண்ணு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கலாம்.

2020-ல இன்னும் மோசம். பி.எஸ்-4 வண்டிக்கு மார்ச் 31 கடைசி நாள். மார்ச் 25-ம் தேதியே ஊரடங்கு வந்துருச்சு. ஷட்டரைத் திறக்கவே முடியாத நாள்ல சரக்கை எப்படி விக்கிறது? 10 சதவிகித வண்டிகளை மட்டும் ஊரடங்குக்குப் பிறகு விற்கலாம்னு முதல்ல அனுமதி கிடைச்சது. ஜூலை 8-ம் தேதி அதையும் நீதிமன்றம் திரும்பப் பெற்றுக்கிச்சு.

2025-ல வந்தது வேற மாதிரி மழை. ஜி.எஸ்.டி குறையப்போகுதுன்னு ஆகஸ்ட் 15-ம் தேதி அறிவிப்பு வந்ததும், 'கொஞ்சம் பொறுத்து வாங்கிக்கலாம்'னு எல்லாரும் நிறுத்திட்டாங்க. 350 சிசி வரைக்குமான பைக்குக்கு 28 சதவிகிதம் 18 ஆனது செப்டம்பர் 22-ம் தேதி. நமக்கு அது நல்ல செய்தி. நடுவுல இருந்த அஞ்சு வாரத்துக்கும் வட்டி கட்டினவர் டீலர்.

ஹார்லி கிளம்பிய கதை

சரக்கு தேங்கினா ஒரு சீசன்தான் போகும். கம்பெனியே கிளம்பிட்டா?

ஹார்லி டேவிட்சன் 2009-ல இந்தியாவுல நிறுவனம் தொடங்கி, அடுத்த வருஷம் விற்பனைக்கு வந்தது. ஹரியானாவோட பவல்ல தொழிற்சாலையும் போட்டாங்க. சென்னை உட்படப் பெரிய ஊர்கள்ல கோடிகளைக் கொட்டி ஷோரூம் கட்டினவங்க உள்ளூர் டீலர்கள். 2020 செப்டம்பர் 24-ம் தேதி, இந்தியாவுல உற்பத்தியையும் நேரடி விற்பனையையும் நிறுத்துறதா நிறுவனம் அறிவிச்சது. சுமார் 35 டீலர்கள் நடுரோட்டுல நின்னாங்க. டீலர்களோட நஷ்டம் 130 கோடி ரூபாய் வரைக்கும் போகும், 2,000 பேர் வரை வேலை இழப்பாங்கன்னு ஃபாடா சொன்னது.

ஒரு மாசத்துல ஹீரோ மோட்டோகார்ப்போட கூட்டணி அறிவிப்பு வந்தது. 2023 ஜூலையில 2.29 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில எக்ஸ்440 வந்தது. பிராண்டு பிழைச்சுக்கிச்சு. ஆனா, பழைய டீலர்கள்ல ஒரு பகுதியினர்தான் புது ஏற்பாட்டுல தொடர முடிஞ்சது.

சட்டம் கைகொடுக்காதா?

நம்ம நாட்டுல டீலர்களுக்குன்னு தனிச் சட்டம் கிடையாது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமும்தான். ஒப்பந்தத்தை எழுதுறது கம்பெனி. டீலர் கையெழுத்து மட்டும் போடுவார். அமெரிக்காவுல கார் டீலர்களுக்காக 1956-லயே மத்தியச் சட்டம் வந்துருச்சு. நேர்மையில்லாம நடந்துக்கிட்டா, உற்பத்தியாளர் மேல டீலர் நேரடியா வழக்குப் போடலாம். இங்கே அப்படி ஒரு பாதுகாப்புச் சட்டம் வேணும்னு ஃபாடா கேட்டுக்கிட்டே இருக்கு.

தள்ளுபடி கொடுக்கிறதுலகூட டீலருக்கு முழு சுதந்திரம் இருக்கான்னு கேள்வி உண்டு. கார் டீலர்கள் கொடுக்கிற தள்ளுபடியைக் கட்டுப்படுத்தினதா மாருதி சுஸுகிக்கு 2021 ஆகஸ்ட்ல போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் போட்டது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போச்சு. 'இதுக்கு மேல குறைக்க முடியாது சார்'னு டீலர் சொல்றது எப்பவுமே கஞ்சத்தனம் இல்லை.

கம்பெனி தரப்புலயும் நியாயம் இருக்கு. ஒரு டீலர் சர்வீஸ்ல சொதப்பினா, திட்டு வாங்குறது பிராண்டுதான். ஊருக்கு ஒரு விலைன்னு ஆயிட்டா வாடிக்கையாளர் நம்பிக்கை போயிடும். 'அப்போ டீலரே வேண்டாமே'ன்னு ஓலா எலெக்ட்ரிக் சொந்தக் கடைகளை மட்டும் நம்பி இறங்கினது. ஆனா, 2024 அக்டோபர்ல பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களைச் சுட்டி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்த நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்புச்சு. டீலரை எடுத்துட்டா பிரச்னை தீர்ந்துடும்னு சொல்றதுக்கில்லை.

சின்ன ஊர்ல இன்னொரு படி

மரக்காணம் மாதிரி ஊர்கள்ல நீங்க பார்க்கிற கடை, பெரும்பாலும் பக்கத்துப் பெரிய ஊர்ல இருக்கிற மெயின் டீலரோட சப்-டீலர் கடையா இருக்கும். கம்பெனிக்கும் அவருக்கும் நேரடி ஒப்பந்தம் இருக்காது. மெயின் டீலருக்குக் கிடைக்கிற சொற்ப மார்ஜின்ல ஒரு பங்குதான் அவருக்கு. கம்பெனி கொடுக்கிற நெருக்கடி படிப்படியா இறங்கி, கடைசியில அவர்கிட்ட வந்து நிக்கும். அவரை விட்டா அடுத்து நிக்கிறது நீங்கதான்!

எப்படின்னு கேட்கிறீங்களா? வண்டியில லாபம் குறைவா இருக்கிறதால, இன்ஷூரன்ஸ், லோன், ஆக்சஸரீஸ், 'ஹேண்ட்லிங் சார்ஜ்'னு வேற வழியில சம்பாதிக்கப் பார்ப்பாங்க. தேங்கின பழைய சரக்கு முதல்ல உங்க கைக்கு வரும். அதனால வாங்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கவனிங்க:

* தயாரான மாசம், வருஷம்: பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேளுங்க. ஆர்.சி-யில அதுதான் ஏறும். நாளைக்கு நீங்க விக்கும்போது விலையைத் தீர்மானிக்கும்.

* துரு: உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல மாசக்கணக்கா நின்ன வண்டின்னா செயின், டிஸ்க், போல்ட், சைலன்ஸர் மூட்டு இதையெல்லாம் குனிஞ்சு பாருங்க. பழைய சரக்குன்னா தள்ளுபடி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

* பில் யார் பேர்ல: சப்-டீலர்கிட்ட வாங்கினாலும், பில்லும் ரசீதும் மெயின் டீலர் பேர்ல இருக்கணும். வெள்ளைத் தாள்ல எழுதின ரசீதை வாங்காதீங்க.

* ஆன்ரோடு விலை: பிரிச்சு எழுதித் தரச் சொல்லுங்க. இன்ஷூரன்ஸை அவர்கிட்டயேதான் எடுக்கணும்னு கட்டாயம் இல்லை.

* சர்வீஸ்: வாரன்டி வேலை எந்த ஊர்ல நடக்கும்? உப்பு வார விடியக்காலையில கிளம்புறவருக்கு, சர்வீஸுக்காக ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சு.

* புது பிராண்டா?: கம்பெனி கிளம்பிட்டா ஸ்பேர் எங்கே கிடைக்கும்னு முதல்லயே விசாரிங்க.

ராயல் என்ஃபீல்டு, யமஹான்னு பெரிய பெரிய பைக் தொழிற்சாலைகள் ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் இருக்கு. மரக்காணத்துலேர்ந்து ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துல போயிடலாம். ஆனாலும் வண்டி நடுவழியில நின்னா, நீங்க போன் பண்றது அந்த ஃபேக்டரிக்கு இல்லை. ரோட்டோரக் கடைக்காரருக்குத்தான். அடுத்த முறை பேரம் பேசும்போது பில்லைக் கறாரா சரிபாருங்க. கூடவே அந்தக் கடை நாளைக்கும் திறந்திருக்கணும்ங்கிறதையும் மனசுல வெச்சுக்கோங்க!