தலைநகரில் ஒரு ராத்திரி

சொந்தக்காரர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்த காலம் போய்விட்டது. இனி நல்ல அறையைத் தேடிக்கொள்வது பயணியின் பொறுப்பு.

ஒரு காலத்தில் தில்லிக்குக் கிளம்பும் தமிழர்களில் பலருக்கு, எங்கே தங்குவது என்ற கவலையே இருந்ததில்லை. சட்டைப் பையில் ஒரு முகவரி போதும். மத்திய அரசில் வேலை பார்க்கும் ஒன்றுவிட்ட சித்தப்பாவோ அத்தை மகனோ சரோஜினி நகரில் இருப்பார். முன்பு விநய் நகர் என்று அழைக்கப்பட்ட அந்தக் குடியிருப்பின் சின்ன குவார்ட்டர்ஸ்களில், இன்டர்வியூவுக்கு வந்த பையனும் காசிக்குக் கிளம்பிய பெரியவர்களும் வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள். வாடகை? ஊரிலிருந்து கொண்டுவந்த காபிப் பொடியும் அப்பளக் கட்டும்தான்.

அந்த வீடுகளுக்கு முடிவு வந்தது 2016 ஜூலையில். தலைநகரின் ஏழு அரசுக் குடியிருப்புகளில் இருந்த 12,970 வீடுகளுக்குப் பதிலாக 25,667 வீடுகள் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்த ஏழில் சரோஜினி நகரும் ஒன்று. பழைய வீடுகளின் இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. சித்தப்பாக்களும் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள். அருகே சாணக்யபுரியில் தமிழ்நாடு இல்லம் உண்டு. ஆனால் அங்கே முன்னுரிமை அரசு விருந்தினர்களுக்கும் அதிகாரிகளுக்கும்தான். மற்றவர்களுக்கு பகார்கஞ்ச், கரோல்பாக் லாட்ஜ்களே கதி.

வழிப்போக்கர்களுக்கு இடம் கொடுப்பது தில்லிக்குப் புதிதல்ல. சராய் காலே கான், யூசுஃப் சராய் போன்ற பெயர்களே அதற்குச் சாட்சி. சராய் என்றால் சத்திரம். சத்திரத்தை நடத்துபவர் அறைகளையும் சாக்கடைகளையும் தண்ணீர் எடுக்கும் கிணறுகளையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டின் சராய் சட்டமே சொன்னது. இன்றைய பயணியின் புகார்ப் பட்டியலும் ஏறக்குறைய அதேதான்.

முதல் தகராறு நேரத்தில் தொடங்கும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது தில்லிக்கு வருவது காலையில். பல ஓட்டல்கள் அறை தருவதோ பகல் 12 மணிக்கு மேல். சீக்கிரம் வேண்டுமென்றால் தனிக் கட்டணம். 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்பதை முன்பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. உறுதியான ரயில் டிக்கெட் இருந்தால், பெரிய ஸ்டேஷன்களின் ஓய்வறையும் கைகொடுக்கும்.

அடுத்த ஆபத்து ஸ்டேஷன் வாசலில் காத்திருக்கும். “நீங்கள் சொல்லும் ஓட்டல் மூடிவிட்டார்கள், வேறு இடம் காட்டுகிறேன்” என்பது கமிஷன் ஆசாமிகளின் பழைய பல்லவி. ஓட்டலுக்கே ஒரு போன் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வாடகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம். நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமானது. பில்லில் பழைய கணக்கு இருந்தால் தயங்காமல் கேட்கலாம்.

அழுக்குப் படுக்கையும் ஜனவரிக் குளிரில் வேலை செய்யாத கெய்சரும் ஒரு ராத்திரித் தொல்லையோடு போய்விடும். உயிருக்கே உலை வைக்கும் குறைகள் கண்ணில் படுவதில்லை. 2019 பிப்ரவரி 12 விடிவதற்கு முன் கரோல்பாக் ஓட்டல் ஒன்றில் பிடித்த தீ 17 பேரைப் பலிகொண்டது. கேரளத்திலிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்த குடும்பத்தினரும் அவர்களில் அடக்கம். நடைவழிகளில் பதித்திருந்த மரப்பலகைகள் தீ பரவ வழிசெய்தன.

எனவே, டி.வி. ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு: ஜன்னல் திறக்கிறதா, அதற்கு வெளியே சுவர்தான் இருக்கிறதா, உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, இரண்டாவது மாடிப்படி எங்கே, அதன் கதவில் பூட்டு தொங்குகிறதா. அறையைக் காட்டத் தயங்கும் ஓட்டலில் பெட்டியை இறக்கவே வேண்டாம்.

சரோஜினி நகரிலிருந்து சற்றுத் தொலைவில் எய்ம்ஸ் மருத்துவமனை. அதைச் சுற்றியுள்ள சந்துகளில் வாடகைக்கு அறை எடுப்பவர்கள் ஊர் பார்க்க வந்தவர்கள் அல்ல, நோயாளிகளின் சொந்தக்காரர்கள். ஒரு ராத்திரி என்று வந்து ஒரு மாதம் தங்க நேர்பவர்கள். அவர்களுக்கு நட்சத்திர அந்தஸ்து எதுவும் தேவையில்லை. சுத்தமான படுக்கை, வெந்நீர், சொன்ன வாடகையே பில்லிலும் வருவது, நடு ராத்திரியில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாலும் கதவைத் திறந்துவிட ஓர் ஆள். பழைய குவார்ட்டர்ஸ் கூடத்தில் இவையெல்லாம் கேட்காமலே கிடைத்தன. இப்போது கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.