ஷோகேஸும் கிடங்கும்

ஆபீசில் ஒருவருடைய சம்பளம் பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தெரியக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டம் ஒரே நாளில் உடைந்துபோன கதையை என் நண்பர் ஒருவர் சொன்னார். நேயர்களில் பலர் கம்ப்யூட்டர் முன்னால் உத்தியோகம் பார்ப்பவர்கள். ஆகையால் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நண்பர் பல கிளைகள் உள்ள ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு அதிகாரி. கிளைக்குக் கிளை செலவு எவ்வளவு என்று காட்டும் அறிக்கை ஒன்றை 'பவர் பி.ஐ.' என்னும் சாதனத்தில் தயாரித்தார். மைக்ரோஸாப்ட் கம்பெனி 2015-ல் வெளியிட்ட சாதனம் அது. அறிக்கையில் வர்ணப் படங்கள் இருந்தன. மொத்தத் தொகைகள் இருந்தன. எந்த மனிதருடைய பெயரும் இல்லை. திருப்தியுடன் கிளை மானேஜர்கள் எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டார்.

மறுநாள் மாலை டெலிபோன் மணி அடித்தது.

"ஸார், எனக்கு அப்புறம் சேர்ந்தவருக்கு என்னைவிட மாசம் 4,000 ரூபாய் அதிகமா?"

பேசியவர் ஒரு கிளையின் மானேஜர் அம்மாள். 11 வருஷ சர்வீஸ். நண்பருக்கு வியர்த்துவிட்டது.

"யாரம்மா சொன்னது?"

"நீங்கள் அனுப்பியதில்தான் ஸார் இருக்கிறது!"

இது எப்படி நேர்ந்தது? காகிதத்தில் அச்சிட்ட அறிக்கையானால், அச்சிட்டது மட்டுமே அதில் இருக்கும். நேரடி இணைப்புள்ள அறிக்கை அப்படியல்ல. அது கடை வாசலில் உள்ள ஷோகேஸ் மாதிரி. சரக்கெல்லாம் பின்னால் கிடங்கில் இருக்கிறது. அந்தக் கிடங்குக்கு 'டேட்டாசெட்' என்று பெயர். 2023-ல் அதையே 'செமான்டிக் மாடல்' என்று மாற்றினார்கள். ஒரே கிடங்கை நம்பிப் பத்து ஷோகேஸ்கள் இருக்கலாம். கிடங்கில் கணக்கு மாறினால் பத்திலும் மாறும். சௌகரியம்தான். ஆனால் பூட்டு ஒன்றல்ல, இரண்டு!

ஷோகேஸைப் பார்க்க வேண்டியவருக்குக் கிடங்கிலும் 'ரீட்' என்ற அனுமதி வேண்டும். அறிக்கை ஓரிடத்திலும் கிடங்கு வேறிடத்திலும் இருக்கும்போது, முதலாவதைக் கொடுத்து இரண்டாவதை மறந்துவிடுகிறோம். வேண்டியவர் அறிக்கையைத் திறக்கிறார். படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பிழைச் செய்திதான் வருகிறது. இது ஒரு வகைச் சங்கடம்.

நண்பருக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிரானது. பகிரும்போது, "பெறுகிறவர்கள் இந்தத் தரவைக் கொண்டு புதிதாகத் தயாரிக்கலாம்" என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் அடையாளம் இருந்தால் 'பில்டு' என்ற அனுமதியும் சேர்ந்து போய்விடும். நண்பர் அதைக் கவனிக்கவில்லை. அம்மாள் கெட்டிக்காரர். எக்ஸெலில் இணைத்துப் பார்த்தார். அறிக்கையில் காட்டாத சம்பளப் பட்டியல் கிடங்கில் இருந்தது; வந்து நின்றது.

"அந்தப் பக்கத்தை மறைத்துவைக்கலாமே? வேண்டாததை வடிகட்டிவிடலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். பக்கத்தை மறைப்பது திரை போடுவது, பூட்டுவது ஆகாது. உண்மையான பூட்டு வேறு. அவரவர் கிளைக்குரிய வரிகளை மட்டும் அவரவருக்குக் காட்டுவதற்கு 'ரோ லெவல் செக்யூரிட்டி' இருக்கிறது. சம்பளம் போன்ற பத்தியை அடியோடு மறைக்க 'ஆப்ஜெக்ட் லெவல் செக்யூரிட்டி' இருக்கிறது. இரண்டையும் கிடங்கில்தான் போட வேண்டும்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 'ஒர்க்ஸ்பேஸ்' என்ற பொது அறையில் அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர், வியூவர் என்று நான்கு அந்தஸ்துகள். வரிக்கு வரி போட்ட பூட்டு வியூவரைத்தான் தடுக்கும். மற்ற மூவருக்கும் கதவு திறந்தே இருக்கும். பெரிய மனிதர் ஆயிற்றே என்று மரியாதைக்காக ஒருவரை மெம்பர் ஆக்கினால், பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியையும் அவர் கையில் கொடுத்த மாதிரிதான்.

பகிரும் இணைப்பிலும் ஜாக்கிரதை வேண்டும். "ஸ்தாபனத்தில் உள்ளவர்கள்" என்று கொடுத்த இணைப்பைக் கிடைத்தவர் இன்னொருவருக்கு அனுப்பினால், ஸ்தாபனத்தில் உள்ள அவருக்கும் அது திறக்கும். "குறிப்பிட்ட நபர்கள்" என்று பெயர் சொல்லிக் கொடுப்பதே உத்தமம்.

நண்பர் அன்று இரவே அறிக்கைப் பகிர்வை ரத்துச் செய்தார். அப்பாடா என்று மூச்சு விட்டவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கிடங்கின் அனுமதிப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். எல்லா மானேஜர்களின் பெயரும் அங்கே அப்படியே இருந்தன! ஒவ்வொன்றாக எடுத்தார். ஆனால் எக்ஸெலில் ஏற்கெனவே பிரதி எடுத்து வைத்துக்கொண்டதை யார் திரும்பக் கொண்டுவர முடியும்?

ஆகையால், பகிர்வதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் செலவழியுங்கள். யார் பார்க்க வேண்டும், எதுவரை பார்க்க வேண்டும் என்று காகிதத்தில் எழுதுங்கள். ஒரு சாதாரண வியூவரை அருகில் உட்காரவைத்து, அவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள். வேலை மாறிப் போனவர்களின் பெயரை இரண்டு இடத்திலும் நீக்குங்கள்.

"அந்த அம்மாளின் சம்பளம் என்ன ஆயிற்று?" என்று நண்பரைக் கேட்டேன்.

"மேலிடத்தில் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றார்.

அனுமதியைப் பறிக்க அரை மணி நேரம் போதுமாக இருந்தது. அம்மாள் கேட்ட கேள்விதான் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறது.