பழவேற்காட்டில் ஓர் அறை

பொன்னேரிப் பக்கம் மாமனார் வீடு பூட்டிக் கிடக்கிறதா, அம்மணி? சனி, ஞாயிறுகளில் வாடகைக்கு விடலாமே என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். பேஷான யோசனை! சென்னையிலிருந்து பொன்னேரிக்கு மின்சார ரயில்; அங்கிருந்து பஸ் ஏறினால் பழவேற்காடு.

ஆனால் விளம்பரம் எழுதும்போது பேனாவைச் சற்று அடக்கிப் பிடியுங்கள். பூநாரைகள் பனிக்காலத்து விருந்தாளிகள். அவற்றின் படத்தைக் காட்டிச் சித்திரை வெயிலில் ஆளை வரவழைத்தால், ஊர் திரும்புமுன்பே இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிடுவார்!

அது போனால் போகட்டும். 'ஏரியில் படகுச் சவாரி உண்டு' என்று ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டவே வேண்டாம். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் தினம். உல்லாசமாகப் புறப்பட்டவர்களின் படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது அதன் பிறகுதான். விருந்தாளி எவ்வளவு கெஞ்சினாலும், தெரிந்த படகுக்காரரிடம் சொல்லி அனுப்பாதீர்கள்.

கரையிலேயே பார்க்க என்ன குறைச்சல்? டச்சுக்காரர் 1613-ல் கட்டிய கோட்டையின் மிச்சம், எலும்புக்கூடு செதுக்கிய வாசலுடன் அவர்களுடைய கல்லறை, பனை ஓலைக் கூடை முடையும் பெண்கள். காலையில் மீன் வந்திறங்கும் நேரத்தை விசாரித்து எழுதிப் போடுங்கள். வெளிநாட்டார் தங்கினால் மட்டும், 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவம் அனுப்பியாக வேண்டும்.